அயல்நாடு சென்று அரபு கற்றல்: ஓர் இரட்டை வழக்கு மொழி தரும் பாடம்

ஒரு மொழியை நன்கு கற்க வேண்டுமாயின் அது வழங்கும் நாட்டிற்குச் சென்று வாழ வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு ஆய்வு அடிப்படையும் உண்டு. ஜான் கேரல் என்னும் உளவியலாளர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கக் கல்லூரிகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் முதலிய மொழிகளைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற இறுதியாண்டு மாணவர்களின் மொழித்திறனை அளந்தது. அந்தந்த மொழி வழங்கும் நாட்டில் சில காலமேனும் வாழ்ந்து திரும்பியவர்கள் ஏனையோரைவிட மேம்பட்டு நின்றனர்.

அரபு மொழியைக் கற்கச் செல்லும் மாணவரும் இதே நம்பிக்கையோடுதான் புறப்படுகிறார். கல்லூரியில் ஈராண்டு அரபு பயின்று, செய்தித்தாளைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் அளவிற்குத் தேர்ந்து, கெய்ரோவிலோ அம்மானிலோ போய் இறங்குகிறார். முதல் நாளே அவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. தாம் கற்ற மொழியைத் தெருவில் எவரும் பேசக் காணோம். தாம் பேசுவது பிறர்க்கு விளங்குகிறது. பிறர் பேசுவது தமக்கு விளங்கவில்லை. ஈராண்டு உழைப்பு வீணாயிற்றோ என்று அவர் மயங்குகிறார்.

அவ்வுழைப்பு வீணாகவில்லை. அவர் ஒரு மொழியின் ஒரு படியைக் கற்றிருக்கிறார். மறுபடி இன்னும் கைவரவில்லை. இந்த இரண்டு படிகளின் இயல்பையும், அவற்றை இணைத்துக் கற்கும் வழியையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். தமிழரான நமக்கு இது வெறும் அயல்மொழிச் செய்தியன்று என்பதும் போகப்போகத் தெளிவாகும்.

நம் வட்டாரமும் கெய்ரோவும்

அரபு கற்கக் கடல் கடந்து செல்வது நம் வட்டாரத்தில் நெடுங்கால வழக்கம். கெய்ரோவில் பத்தாம் நூற்றாண்டில் எழுந்த அல்-அஸ்ஹர் கல்விநிலையத்தில் தென்கிழக்காசிய மாணவர்களுக்கெனத் தனி விடுதிப் பகுதியே இருந்தது. அதற்கு ‘ரிவாக் அல்-ஜாவா’ என்று பெயர். மலாயாவிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் சென்று அங்குப் பயின்ற இளைஞர்கள் 1925ஆம் ஆண்டில் ‘செருவான் அஸ்ஹார்’ என்னும் மலாய் இதழைத் தொடங்கினர். சமயம் கற்கச் சென்றவர்கள் நாட்டு விடுதலை பற்றியும் சமுதாயச் சீர்திருத்தம் பற்றியும் எழுதத் தொடங்கியமைக்கு அவ்விதழ் சான்று.

இன்றும் அவ்வழக்கம் தொடர்கிறது. 2011ஆம் ஆண்டு எகிப்தில் கிளர்ச்சி வெடித்தபோது மலேசிய அரசு அங்கிருந்து அழைத்துவந்த மாணவர்கள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவர்கள். சமயக் கல்வி பயின்றோரும் மருத்துவம் பயின்றோரும் அவர்களுள் இருந்தனர்.

மேலைநாட்டு மாணவர்களுக்கும் கெய்ரோ நீண்ட காலமாக அரபுக் கல்வியின் தலைவாயில். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூடி, கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அரபு உயர்பயிற்சிக்கான நடுவம் ஒன்றை 1967இல் ஏற்படுத்தின. சிரியாவின் டமாஸ்கஸ் நகரமும் மாணவர்கள் விரும்பிச் சென்ற இடமாக இருந்தது. 2011க்குப் பின் மூண்ட போர் அவ்வாயிலை அடைத்தது. ஜோர்தானின் அம்மான் நகரம் பெரிதும் அதன் இடத்தைப் பெற்றது.

வகுப்பறையில் கற்கும் அரபு

கல்லூரி வகுப்பறையில் மாணவர் கற்பது ‘ஃபுஸ்ஹா’ எனப்படும் செவ்வழக்கு. நூல், செய்தித்தாள், வானொலிச் செய்தி, மேடைப்பேச்சு, அரசாணை ஆகியவற்றின் மொழி அது. 1973ஆம் ஆண்டு முதல் ஐக்கிய நாடுகள் அவையின் அலுவல்மொழிகளுள் ஒன்றாக விளங்குவதும் இந்தச் செவ்வழக்கே.

இதன் சொல்லமைப்பு தமிழின் சொல்லமைப்பிலிருந்து அடியோடு வேறுபட்டது. தமிழில் அடிச்சொல்லோடு விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். அரபில் பெரும்பாலும் மூன்று மெய்யொலிகள் கூடி ஒரு வேராகும். அவ்வேர் வெவ்வேறு வார்ப்புகளில் வார்க்கப்பட்டுச் சொற்கள் பிறக்கும். க்-த்-ப் என்னும் வேர் எழுதுதலைக் குறிக்கும். அதிலிருந்து ‘கிதாப்’ நூலையும், ‘காதிப்’ எழுதுபவரையும், ‘மக்தப்’ எழுதும் இடமாகிய அலுவலகத்தையும், ‘மக்தபா’ நூலகத்தையும், ‘மக்தூப்’ எழுதப்பட்டதையும் குறிக்கின்றன.

மலாய்மொழி அறிந்த நம்மவர்க்கு இவ்வமைப்பு முற்றிலும் புதிதன்று. ‘ஹாக்கிம்’ என்றால் நீதிபதி, ‘ஹூக்கும்’ என்றால் தீர்ப்பு அல்லது சட்டம், ‘மஹ்கமா’ என்றால் நீதிமன்றம் என்பதை நாம் அறிவோம். மூன்றும் ஹ்-க்-ம் என்னும் ஒரே வேரின் கிளைகள். இம்மூன்றையும் தனித்தனிச் சொற்களாகவே பயன்படுத்தி வந்த மாணவர், அரபு வகுப்பில் அவற்றின் உறவை அறியும்போது, தாம் அறிந்த மொழியே புதிதாக ஒளிபெறுவதை உணர்வார்.

இந்த வார்ப்பு முறை நினைவாற்றலுக்குத் துணைசெய்யும். ஆயினும் அகராதி பார்ப்பதற்கே தனிப்பயிற்சி வேண்டும். மாணவர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஹான்ஸ் வேரின் அகராதி 1952இல் ஜெர்மனிலும் 1961இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதில் ‘மக்தபா’ என்னும் சொல்லை மகர வரிசையில் தேடினால் கிடைக்காது. வேரைக் கண்டறிந்து ககர வரிசைக்குச் செல்ல வேண்டும். இலக்கணம் அறியாதவர்க்கு அவ்வகராதி திறவாது.

எழுத்துமுறை இன்னொரு தடை. அரபு எழுத்தில் குற்றுயிர்கள் பொதுவாக எழுதப்படுவதில்லை. க்-த்-ப் என்று மட்டும் எழுதியிருப்பதை ‘கதப’ என்று படித்தால் ‘எழுதினான்’. ‘குதிப’ என்று படித்தால் ‘எழுதப்பட்டது’. ‘குதுப்’ என்று படித்தால் ‘நூல்கள்’. எது பொருந்தும் என்பதை வாக்கியத்தைக் கொண்டே துணிய வேண்டும். தமிழிலும் படிப்பவர் எழுத்தில் இல்லாததை நிரப்பிக்கொள்கிறார்: ‘கல்’, ‘அகல்’, ‘சங்கம்’ ஆகியவற்றில் ஒரே ககரம் மூன்று வகையாக ஒலிக்கிறது. ஆனால் தமிழில் அதைச் சொல்லில் எழுத்து நிற்கும் இடமே முடிவுசெய்யும். அரபில் அதை இலக்கண அறிவு முடிவுசெய்ய வேண்டும்.

ஒலிப்பும் எளிதன்று. தொண்டையில் பிறக்கும் ‘ஐன்’ என்னும் மெய்யொலி தமிழிலும் இல்லை; மலாயிலும் இல்லை. குடிகளைக் குறிக்கும் ‘ரஇய்யா’ என்னும் அரபுச் சொல்லின் நடுவில் இவ்வொலி உண்டு. மலாயில் அது ககரமாகி ‘ராக்யாட்’ ஆயிற்று. பாரசீகத்தின் வழியே தமிழகத்திற்கு வந்தபோது அவ்வொலி மறைந்து, ‘இரயத்துவாரி’ என்னும் நிலவரி முறையின் பெயரில் ‘இரயத்து’ ஆயிற்று. ஓர் ஒலியை எட்ட முடியாத இரு மொழிகள் அதை எவ்வாறு சமாளித்தன என்பதற்கு இவ்விரு சொற்களே சான்று.

இவற்றையெல்லாம் கடக்க எவ்வளவு காலம் வேண்டும்? அமெரிக்க அயலுறவுப் பணிப் பயிற்சிக்கழகம், ஆங்கிலம் பேசும் பெரியவர்கள் பணிக்குப் போதிய திறன்பெற ஏறத்தாழ எத்தனை வாரம் தேவை என்று கணித்துள்ளது. மலாய்க்கு 36 வாரம். தமிழுக்கு 44 வாரம், அதாவது 1100 மணிநேர வகுப்பு. அரபுக்கு 88 வாரம், 2200 மணிநேரம். ஒரு மாணவர் அயல்நாட்டில் 15 வாரப் பருவம் ஒன்றில் வாரம் 20 மணிநேரம் பயின்றாலும் 300 மணிநேரமே ஆகும். தேவையில் அது ஏழில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சியதை வகுப்பறைக்கு வெளியே உள்ள வாழ்க்கைதான் ஈடுசெய்ய வேண்டும். அங்கேதான் மறுபடி குறுக்கிடுகிறது.

தெருவில் வழங்கும் அரபு

பேச்சு வழக்கு எகிப்திலும் சிரியாவிலும் ‘ஆம்மிய்யா’ என்றும், மொரோக்கோவில் ‘தாரிஜா’ என்றும் வழங்கப்பெறும். நாட்டிற்கு நாடு அது வேறுபடும். ‘இப்போது’ என்பதற்குச் செவ்வழக்கில் ‘அல்-ஆன்’, கெய்ரோவில் ‘தில்வஅத்தி’, டமாஸ்கஸில் ‘ஹல்லஅ’, மொரோக்கோவில் ‘தாபா’. ‘எனக்கு வேண்டும்’ என்பதற்குச் செவ்வழக்கில் ‘உரீது’, கெய்ரோவில் ஆண்மகன் ‘ஆயிஸ்’ என்பான், டமாஸ்கஸில் ‘பித்தி’. பாடநூலின் முதற்பக்கங்களில் வரும் இச்சொற்கள் கடைத்தெருவில் ஒருமுறைகூடக் காதில் விழாமல் போவது இதனால்தான்.

ஒலிகளும் மாறுகின்றன, ஆனால் அம்மாற்றத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. கெய்ரோப் பேச்சில் ‘காஃப்’ என்னும் அடித்தொண்டைக் ககரம் பெரும்பாலும் குரல்வளை அடைப்பொலியாகும்: காப்பியைக் குறிக்கும் ‘கஹ்வா’ அங்கே ‘அஹ்வா’. ஜகரம், ‘கங்கை’ என்பதன் முதலொலிபோல் அதிர்ந்து ஒலிக்கும் ககரமாகும்: அழகியது என்னும் பொருளுடைய ‘ஜமீல்’ அங்கே ‘கமீல்’. ஆயினும் அதே கெய்ரோவாசி, தம் நகரின் பெயரையும் திருக்குர்ஆனின் பெயரையும் சொல்லும்போது காஃப் ஒலியை முழுமையாக ஒலிப்பார். ஒருவரின் நாவிலேயே இரு படிகளும் இருப்பதற்கு இது நல்ல சான்று.

இந்நிலைக்கு மொழியியலில் ‘இரட்டை வழக்கு’ என்று பெயர். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அரபு, சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைட்டித் தீவின் கிரியோல், கிரேக்கம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு இதன் இலக்கணத்தை வகுத்தது. அதன்படி, ஒரு சமூகத்தில் உயர்வழக்கு, தாழ்வழக்கு என இரண்டு உண்டு, இரண்டிற்கும் தனித்தனிக் களங்கள் உண்டு, உயர்வழக்கு எவர்க்கும் தாய்மடியில் கற்ற மொழியன்று, பள்ளியில் கற்றது. தாழ்வழக்கை அன்றாடம் பேசுவோரே, அதை மொழியென மதிக்கத் தயங்குவர்.

எகிப்திய மொழியியலாளர் அல்-ஸைத் பதவி 1973இல் இதை மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தார். எகிப்தில் இரண்டே வழக்குகள் இல்லை. மரபிலக்கியச் செவ்வழக்கு முதல் எழுத்தறியாதார் பேச்சு வரை ஐந்து படிகள் உள்ளன என்று அவர் காட்டினார். கற்றறிந்த ஒருவர் ஒரே உரையாடலில் இப்படிகளில் ஏறியும் இறங்கியும் பேசுவார். கற்க வந்த மாணவர் அடைய வேண்டிய திறனும் இதுவே: இடமறிந்து படி மாறுதல்.

தமிழர் அறிந்த நிலை

வழக்கு, செய்யுள் என்று தொல்காப்பியம் மொழியைப் பகுத்து நோக்கியது. நூல் எழுதும் தமிழ் வேறு, வீட்டில் பேசும் தமிழ் வேறு என்பது இன்றும் நம் அன்றாட அனுபவம். ஃபெர்குசனின் கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தி ஆராய்ந்த பிரான்சிஸ் பிரிட்டோவின் நூல் 1986இல் வெளிவந்தது.

நூலில் மட்டும் தமிழ் கற்ற அயலார் ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் அமர்ந்து, ‘எனக்கு ஒரு குவளை தேநீர் வழங்குவீர்களாக’ என்று கேட்பதாகக் கொள்வோம். பரிமாறுபவர்க்குப் பொருள் விளங்கும், சிரிப்பும் வரும். பதிலுக்கு அவர், ‘சீனி கம்மியா போடவாங்க?’ என்று கேட்டால் அயலார்க்கு ஒன்றும் விளங்காது. கெய்ரோ டாக்சியில் ஃபுஸ்ஹா பேசும் மாணவரின் நிலை இதுவே.

ஒலிமாற்றத்திலும் ஒப்புமை உண்டு. ‘இடம்’ பேச்சில் ‘எடம்’ ஆகிறது. ‘உலகம்’ ‘ஒலகம்’ ஆகிறது. ‘நின்று’ ‘நின்னு’ ஆகிறது. இவ்விதிகளை அறிந்த அயலார் நூற்றுக்கணக்கான பேச்சுச் சொற்களை அகராதியின் உதவியின்றியே இனங்காணலாம். ‘கஹ்வா’வை ‘அஹ்வா’வோடு இணைக்கக் கற்ற அரபு மாணவர்க்கும் அதே பயன் கிட்டும்.

வேறுபாடும் உண்டு. யாழ்ப்பாணத்தாரும் மதுரையாரும் கிள்ளான்காரரும் சிறிது பழகினால் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொள்வர். மொரோக்கோவின் பேச்சும் ஈராக்கின் பேச்சும் அத்துணை எளிதில் ஒத்துப்போகா. அரபு நாடுகள் கூட்டமைப்பின் 22 உறுப்பு நாடுகளையும் பிணைக்கும் பொதுக்கயிறு செவ்வழக்கே. ஆதலால் அதைக் கைவிட்டுப் பேச்சு வழக்கை மட்டும் கற்றவர் ஒரு நாட்டின் எல்லையோடு நின்றுவிடுவார். செய்தித்தாளும் படிக்க இயலாது.

சூழல் தானே கற்பிக்குமா?

அரபு பேசும் நகரில் வாழ்வதாலேயே அரபு வந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. கெய்ரோவில் பயின்ற அமெரிக்க மாணவர்களை ஆராய்ந்து எம்மா டிரென்ட்மன் 2013இல் வெளியிட்ட கட்டுரை, அவர்தம் அன்றாட வாழ்வில் ஆங்கிலமும் கணிசமான இடம்பெற்றதையும், உள்ளூர் மக்களோடு பழகும் வாய்ப்பு எல்லார்க்கும் தானாக அமையவில்லை என்பதையும் எடுத்துரைத்தது.

காரணங்களை ஊகிப்பது கடினமன்று. அயலாரைக் கண்டதும் நகரத்து இளைஞர் தம் ஆங்கிலத்தைப் பழகிப்பார்க்க விரும்புவர். மாணவர்கள் தம் நாட்டவரோடு ஒரே வீட்டில் தங்கினால் சமையலறை மொழி தாய்மொழியாகவே இருக்கும். நம் வட்டாரத்து மாணவர்கள் பலர் ஒன்றாக வாழும்போது வகுப்பில் அரபு, வாழ்க்கையில் மலாய் என்னும் பிரிவினை எளிதில் நேர்ந்துவிடும்.

இதனாற்றான் மிடில்பரி கல்லூரி போன்றவை வேறு வழியை மேற்கொண்டன. 1915இல் ஜெர்மன் மொழியோடு தொடங்கிய அதன் கோடைக்கால மொழிப்பள்ளிகளில், கற்கும் மொழியன்றி வேறு மொழி பேசுவதில்லை என்று மாணவர் எழுத்தால் உறுதியளிக்க வேண்டும். அங்கே அரபு கற்பவர் அமெரிக்காவை விட்டு வெளியேறாமலே நாள் முழுதும் அரபில் வாழ்கிறார். கற்பவர் அம்மொழியில் எத்தனை மனிதரோடு எவ்வளவு நேரம் உறவாடுகிறார் என்பதே பயனை அளக்கும் அளவுகோல் என்பதை இம்முயற்சி புலப்படுத்துகிறது.

பாடநூல்களும் மாறியுள்ளன. 1995இல் வெளிவந்து அமெரிக்கக் கல்லூரிகளில் பரவிய ‘அல்-கிதாப்’ பாடநூல் வரிசை, 2010க்குப் பின் வந்த மூன்றாம் பதிப்பில் செவ்வழக்கோடு எகிப்தியப் பேச்சையும் சிரிய-லெபனான் வட்டாரப் பேச்சையும் தொடக்கம் முதலே சேர்த்துக் கற்பிக்கிறது. முதலில் செவ்வழக்கு, பிறகு பேச்சு என்னும் பழைய வரிசை தளர்ந்து வருவதற்கு இது ஓர் அடையாளம்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

முதலாவது, எந்த நகருக்குச் செல்வதென முடிவாகியவுடன் அந்நகரின் பேச்சு வழக்கைப் புறப்படுமுன்பே கற்கத் தொடங்க வேண்டும். வாழ்த்து, விலை, வழி, உணவு ஆகியவற்றிற்கான சொற்களும், செவ்வழக்கிலிருந்து ஒலிகள் மாறும் விதிகளும் போதும். ஒரு வழக்கை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும். இரண்டைக் கலந்தால் இரண்டும் நிலைபெறா.

இரண்டாவது, தங்குமிடத்தைத் தெரிவு செய்வதும் மொழிக்கல்வியே. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க இயலுமாயின் நன்று. இயலாவிடின், ஒரே கடையில் நாள்தோறும் காய் வாங்குவதும், ஒரே தேநீர்க்கடையில் அமர்வதும், விளையாட்டுக் குழுவிலோ பாட்டுக் குழுவிலோ சேர்வதும் அதற்கு ஈடாகும். பலரிடம் ஒருமுறை பேசுவதைவிடச் சிலரிடம் பலமுறை பேசுவது பயன் தரும். முதன்முறை விலை பேசுபவர், பத்தாம் முறை குடும்பக் கதை பேசுவார்.

மூன்றாவது, செவ்வழக்கைக் கைவிடலாகாது. நாள்தோறும் ஒரு செய்தியைப் படித்து, அதையே உள்ளூர் நண்பரிடம் பேச்சு வழக்கில் சொல்லிப் பார்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. படி மாறும் திறன் இதனால் வளரும்.

நான்காவது, சிரிப்பைக் கண்டு அஞ்சலாகாது. ஃபுஸ்ஹா பேசும் அயலாரைக் கண்டு அரபியர் புன்னகைப்பது பெரும்பாலும் இகழ்ச்சியால் அன்று. பள்ளிப் பாடநூல் எழுந்து நடந்து வந்தது போன்ற வியப்பால்.

நமக்கு எஞ்சும் வினா

மொழியியல் கற்பித்த ஆண்டுகளில் அரபு கற்றுத் திரும்பிய மாணவர்களோடு உரையாடும் வாய்ப்பு எனக்கு இருந்தது. அவர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்தவர்களுள் பேராசிரியர்களைவிட, பொறுமையோடு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சொல்லித் தந்த கடைக்காரரும் வீட்டுக்கார அம்மையாரும் மிகுதி. கற்பவர்க்கு ஒரு மொழியின் கதவைத் திறப்பவர்கள் அதைப் பேசும் எளிய மக்களே.

இச்செய்தியைத் தமிழின் பக்கம் திருப்பிப் பார்ப்போம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட தமிழ்ப் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். அவர்கள் எழுத்துத் தமிழை வகுப்பறையில் சந்திக்கும் நிலை, அமெரிக்க மாணவர் ஃபுஸ்ஹாவைச் சந்திக்கும் நிலையை ஒத்தது. முன்பு வீடு பேச்சுத்தமிழைத் தந்தது. பள்ளி எழுத்துத்தமிழைத் தந்தது. வீடு தன் பங்கை நிறுத்திய பின், பள்ளி ஒன்றே இரண்டையும் தர வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தமைக்குக் காரணம் இதுவே. அப்பரிந்துரை தமிழின் தூய்மையைக் குலைக்கும் என்று அஞ்சியோர் உண்டு. அரபின் அனுபவம் அவ்வச்சத்தைத் தணிக்கிறது: பேச்சு வழக்கைச் சேர்த்துக் கற்பிக்கும் வகுப்புகளிலும் செவ்வழக்கு தன் இடத்தை இழந்துவிடவில்லை.

அரபு கற்பவர்க்கு ஒரு வசதி உண்டு. வகுப்பறையில் கிடைக்காததைப் பெற அவர் கெய்ரோவிற்கு விமானம் ஏறலாம். நம் பிள்ளைகள் எங்கே செல்வர்? பாட்டியின் வீடும், கடைத்தெருவும், கோயில் வளாகமும், நம் உணவு மேசையுமே அவர்களுடைய கெய்ரோ. அங்கே அவர்கள் தடுமாறிப் பேசும் தமிழைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வதும், ‘இதுகூடத் தெரியாதா?’ என்று நகைப்பதும் அக்கதவை அடைப்பதாகும். இரண்டாம் முறையும் பொறுமையோடு சொல்லித் தரும் கடைக்காரராக இருக்க நாம் ஒவ்வொருவரும் முன்வர வேண்டும்.